கூடு மாட்டிய விரல்

மாலை நாலரை மணி இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பந்தலின் மேற்குப் படுதாவை இன்னும் இறக்கவில்லை. வெயில் சாய்ந்து மேடைவரை வந்திருந்தது. தவில் வித்வான் ஏறி உட்கார்ந்து, வாத்தியத்தை மடிப்பக்கம் இழுத்து, வெறும் விரலால் வலந்தலையில் நாலு தட்டுத் தட்டினார்.

"போதுமா தம்பி?"

நான் பத்தாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிக்சர் மேடைக்குப் பின்னால், பூக்கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. திரையில் தவிலுக்கான பச்சைக் கம்பம் எழும்பி, மைனஸ் 20ஐத் தொட்டு இறங்கியது. கொஞ்சம் அடங்கி வருகிறது என்று நினைத்து கெயினை எட்டு டெசிபெல் ஏற்றினேன். மறுபடி தட்டச் சொன்னேன். மைனஸ் 12. கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

"போதும்ணே."

இரவு பத்து மணிக்குத் தனித்தவில். அதற்குள் வலதுகை விரல்களில் கூடு ஏறியிருந்தது. தவிலின் கூடு என்பது துணியும் பசையுமாகச் சுற்றி, காயவைத்து, கல்லாக இறுகிய விரலுறை. இடதுகையில் கழி. முதல் உருட்டிலேயே கம்பம் உச்சியில் போய் முட்டிச் சிவந்தது. முட்டியபடியே நின்றது. ஸ்பீக்கரில் வந்தது தவில் நாதமே இல்லை. தகரத்தை நடுவில் கிழிக்கிற சத்தம். பதறிப்போய் ஃபேடரை இழுத்தேன். சத்தம் குறைந்தது, கிழிசல் குறையவில்லை. குறைந்த சத்தத்தில் அதே கிழிசல். கெயின் இருக்கிற பக்கத்தைத் திரையில் தேடித் திறந்து, இறக்கி முடிப்பதற்குள் அவர் ஒரு சுற்று வாசித்து முடித்து அடுத்த நடைக்குப் போய்விட்டார்.

விழாக்குழு பதிவு கேட்டிருந்தது. மைக்கிலிருந்து வந்ததை வந்தபடியே தனித்தனித் தடமாகப் பதிந்திருந்தேன். அந்த ஒரு சுற்றும் கிழிந்தபடியே பதிவாகியிருந்தது. பத்து நாள் கழித்து வித்வான் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "என் கை அப்படியா தம்பி பேசுது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்க இரண்டு இடங்கள் உண்டு. மைக்கிலிருந்து வரும் மின் அலை மில்லிவோல்ட் கணக்கில் நூலாக வரும். அதை வேலைக்கு ஆகிற அளவுக்குப் பெருக்குவது கெயின். அங்கிருந்து அது எண்களாக மாறி உள்ளே போகிறது. உள்ளே எல்லாம் முடிந்தபிறகு, வெளியே எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பது ஃபேடர். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கெயின் தலைமதகு, ஃபேடர் வயலின் மடை. மதகில் கரை உடைந்துவிட்டால் மடையை அடைத்து என்ன பயன்? அன்று இரவு நான் செய்தது மடையை அடைத்ததுதான்.

கரை உடைவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது குவிந்து நிற்கிற தலையைக் கையால் வழித்துவிடுவார்கள். ஒலியை எண்ணாக மாற்றுகிற சில்லும் ஒரு மரக்கால்தான். அதன் வாய்க்கு மேல் எழுகிற அலையின் உச்சியை அது வழித்துவிடுகிறது. வளைந்து இறங்கவேண்டிய அலை மொட்டையாக, தட்டையாக நிற்கிறது. அந்தத் தட்டைதான் காதில் கிழிசலாக விழுகிறது. வழித்த நெல்லாவது களத்தில் கிடக்கும், கூட்டி அள்ளிக்கொள்ளலாம். வழித்த நாதம் எங்கேயும் கிடக்காது. எந்த மென்பொருளாலும் அந்த அடியின் தலை எப்படி இருந்தது என்று ஊகிக்க முடியுமே தவிர, திருப்பித் தர முடியாது.

ஆகவே ஒரு நிகழ்ச்சியில் நான் பார்க்கவேண்டிய முதல் அளவு உள்ளே வருகிற அளவு. வெளியே எவ்வளவு போகிறது என்பதை ஊரே சொல்லும். கூடிவிட்டால் காதைப் பொத்துவார்கள், குறைந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே வருவதைப் பார்க்க அந்தப் பந்தலில் என் ஒருவனைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நான் தொழில் கற்றபோது பார்ப்பதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை. மைக்செட் கடையில் ஒரு அஹூஜா ஆம்ப்ளிஃபயர், நாலு மைக், பனைமரத்தில் கட்டுகிற இரண்டு குழாய். ஆம்ப்ளிஃபயரில் மைக்குக்கு ஒரு திருகு. கெயினும் அதுதான், ஃபேடரும் அதுதான். கடை அண்ணன் என்னைத் திருகின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு தெருமுனைவரை நடப்பார். அங்கிருந்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் குறைக்க வேண்டும், மல்லாத்தினால் ஏற்ற வேண்டும். அவர் காதுதான் மீட்டர். அது நல்ல மீட்டர். தெருமுனையில் நிற்கிறவனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை அதைவிடச் சரியாகக் காட்டும் கருவியை நான் பிறகு பார்க்கவில்லை.

உலகத்தில் முள் மீட்டர் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி என்ற இரண்டு வானொலி நிறுவனங்களும் சேர்ந்து 1939இல் வி.யூ. மீட்டரைத் தரப்படுத்தின. பழைய டேப் ரெக்கார்டர்களின் நெற்றியில் மஞ்சள் விளக்குக்குள் ஆடுமே, அந்த முள்தான். அது வேண்டுமென்றே மந்தமாகச் செய்யப்பட்டது. ஒரு ஒலி தொடர்ந்து 300 மில்லிநொடி ஒலித்தால்தான் முள் தன் இடத்துக்கு வந்து சேரும். பேச்சுக்கும் பாட்டுக்கும் அது பொருத்தம். மனிதக் காது சத்தத்தை உணர்கிற விதத்துக்கும் ஏறக்குறைய அது நெருக்கம். ஆனால் தவிலின் ஒரு அடி சில மில்லிநொடியில் உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. முள் அசைவதற்குள் அடி முடிந்துவிடும். டேப்பில் அதனால் பெரிய சேதம் இல்லை. காந்தநாடா சிவப்புக்குள் போனாலும் உச்சியைச் சற்று அமுக்கி, மழுக்கித்தான் வாங்கிக்கொள்ளும். சிலருக்கு அந்த மழுக்கல் பிடிக்கவும் செய்யும். டிஜிட்டலுக்கு அந்த மன்னிக்கும் குணம் இல்லை. அதனால் அங்கே நமக்கு முள் போதாது, உச்சியைப் பிடித்துக் காட்டுகிற கம்பம் வேண்டும். கம்பம் இறங்கியபிறகும் எங்கே தொட்டது என்று ஒரு கோடு மேலே கொஞ்சநேரம் நிற்கவேண்டும்.

அந்தக் கம்பத்தில் எழுதியிருக்கிற எண்களை முதலில் பார்த்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. எல்லாம் மைனஸ். உச்சி பூஜ்யம். பிறகு எங்கள் வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்தது. "எத்தனை அடியில தண்ணி கிடக்கு?" என்றுதான் கேட்போம். ஆழத்திலிருந்து மேலே எண்ணுவதில்லை. விளிம்பிலிருந்து கீழே எண்ணுகிறோம். பதினெட்டு அடியில் தண்ணீர் என்றால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே பதினெட்டு அடி வெற்றிடம். மைனஸ் 18 என்பதும் அப்படித்தான். அந்த எண் ஒலியின் அளவைச் சொல்வதைக் காட்டிலும் ஒலிக்கு மேலே மிச்சமிருக்கிற இடத்தைச் சொல்கிறது.

டெசிபெல் என்ற அளவே இழப்பிலிருந்து பிறந்தது என்பதும் எனக்குப் பிடித்த செய்தி. பெல் தொலைபேசி அமைப்பில், ஒரு மைல் நீளக் கம்பியில் குரல் எவ்வளவு தேய்கிறது என்பதைத்தான் முதலில் அலகாக வைத்திருந்தார்கள். 1920களில் அதை மாற்றி, கிரஹாம் பெல்லின் பெயரிலிருந்து டெசிபெல்லை உண்டாக்கினார்கள். தூரத்துக் குரல் எவ்வளவு தேய்ந்து வந்து சேர்கிறது என்ற கவலையில் உருவான அளவு.

மேலே எவ்வளவு இடம் விடுவது? ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தன் ஒப்பீட்டு அளவை மைனஸ் 18இல் வைத்தது. அமெரிக்கத் திரை, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சங்கம் மைனஸ் 20இல் வைத்தது. சராசரி அங்கே ஓடினால், திடீரென்று எழுகிற உச்சிகளுக்கு மேலே தாராளமாக இடம் இருக்கும். இதைச் சொன்னால் புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்கள் நம்புவதில்லை. கம்பம் பாதியில் நிற்பதைப் பார்த்தால் ஏதோ வீணாவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. பாத்திரத்தை நிரப்பிப் பழகிய கை. கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு பிட்டுக்குச் சுமார் ஆறு டெசிபெல். மிக்சர் 24 பிட்டில் அளக்கிறது. பதினெட்டு டெசிபெல் காலியாக விட்டால் மூன்று பிட் போகும், 21 பிட் மிச்சம். 1982இல் வந்த சிடிக்கு மொத்தமே 16 பிட்தான். இடம் விட்டதால் யாரும் ஏழையாகிவிடவில்லை. அதற்காக மைனஸ் 45இல் வைத்துக்கொண்டு தூங்கவும் கூடாது. பிறகு வெளியே தூக்கும்போது மின்விசிறிச் சத்தம், ஜெனரேட்டர் முனகல், பக்கத்து மைக்கின் சிந்தல் எல்லாம் கூடவே எழுந்து வரும்.

பையன்கள் கணக்கை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் சவுண்ட் செக்கின்போது கம்பம் எங்கே நின்றதோ, அதுதான் அந்தக் கலைஞரின் அளவு என்று நினைப்பதை விடமாட்டார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். சவுண்ட் செக்கில் வருவது கலைஞரின் கை மட்டும்தான். அந்தக் கையில் கூடு இல்லை. மிருதங்கத்திலும் அதே கதை. தொப்பி என்கிற இடந்தலையில் ரவையைக் குழைத்து அப்புவது பெரும்பாலும் கச்சேரிக்குச் சற்று முன்னால். அதற்கு முன் தட்டிக் காட்டினால் இடந்தலை பொத்தலாக ஒலிக்கும். ரவை ஏறியபிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கும்கி எழுந்து வரும். கம்பம் சொன்ன கணக்கும் அத்தோடு போச்சு. பாடகர் சவுண்ட் செக்கில் முணுமுணுப்பார், தொண்டையைச் சேமிப்பார், அது அவர் உரிமை. சில சமயம் பாடகரே வரமாட்டார். நம் ஆள் ஒருவன் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஒன் டூ த்ரீ" சொல்லி முடித்துவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கிற ஜனம் முன்னால் இல்லை. இரண்டு மணிநேரம் வாசித்து, பக்கத்தில் நாயனம் சூடேறி, எதிரே ஒருவர் தொடையில் தாளம் போட்டுத் தலையாட்டும்போது அந்தக் கையில் எவ்வளவு பலம் வரும் என்று வித்வானுக்கே நாலரை மணிக்குத் தெரியாது.

சில புது மிக்சர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்கின்றன. வாசிக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், கேட்டு, கெயினைத் தானே வைத்துவிடும். அவசரத்துக்கு உதவும், குறை சொல்லவில்லை. ஆனால் அது கேட்பது வெறும் விரலை. கூடு என்று ஒன்று இருப்பதும், அது சட்டைப்பையில் காத்திருப்பதும் அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

டேப்லட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2012இல் மேக்கி நிறுவனம் டிஎல்1608 என்ற மிக்சரைக் கொண்டுவந்தது. அதில் ஃபேடரே கிடையாது. ஐபேடைச் செருகுவதற்கு ஒரு பள்ளம், பதினாறு மைக்குக்கான வாய்கள். ஐபேடை உருவிக்கொண்டு நடந்துபோகலாம். இரண்டு மூன்று வருடத்தில் பெஹ்ரிங்கர், சவுண்ட்கிராஃப்ட் என்று பலரும் வந்துவிட்டார்கள், விலையும் எங்கள் மாதிரி ஆட்களுக்கு எட்டுகிற இடத்துக்கு இறங்கியது. அதற்கு முன்னால் எங்கள் இடம் மண்டபத்தின் ஏதோ ஒரு மூலை. மேடையிலிருந்து கை பருமனில் ஒரு கேபிளை இழுத்துக்கொண்டுவந்து, தூணுக்குப் பின்னாலோ செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலோ உட்காருவோம். அங்கே கேட்பதை வைத்து எல்லோருக்கும் முடிவு செய்வோம். டேப்லட் வந்தபிறகுதான், கடை அண்ணன் தெருமுனைக்கு நடந்ததுபோல நானும் கையில் மிக்சரோடு நடக்க முடிந்தது. இந்தக் கருவி எனக்குச் செய்த நன்மைகளில் பெரியது அதுதான்.

ஒரு மார்கழியில் சிறிய சபா ஒன்றில், பாட்டியம்மா ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கிச் சில நிமிஷம் ஆகியிருந்தது. திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வயலின் கம்பம் மைனஸ் 18ஐச் சுற்றி அழகாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பாட்டி என் முழங்கையைத் தொட்டு, "தம்பி, அந்தப் பொண்ணு வாசிக்கிறா, வில்லு போறது தெரியறது, காதுல ஒண்ணும் விழலையேப்பா" என்றார். திரையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டேன். அவர் சொன்னது நிஜம். வயலின் உள்ளே குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. வெளியே பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் அடியில் அமிழ்ந்துபோயிருந்தது. அதுவரை நான் கம்பத்தைப் பார்த்ததைக் கேட்டதாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபேடரை மூன்று டெசிபெல் ஏற்றினேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, கையை எடுத்து மறுபடி தாளத்துக்குக் கொண்டுபோனார்.

திரையில் தெரிவது ஒலியே இல்லை, ஒலியைப் பற்றி வருகிற தாக்கல் என்று அதற்குப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. பெஹ்ரிங்கரின் எக்ஸ் ஏர் வகையில் இது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை தோண்டிப் பார்த்தேன். டேப்லட் மிக்சரிடம், "உள்ளே வரும் அளவுகளைச் சொல்" என்று வைஃபையில் கேட்கிறது. மிக்சர் நொடிக்கு இருபது தடவைபோல எண்களை அனுப்பத் தொடங்குகிறது, ஆனால் பத்து நொடிக்குத்தான். அதற்குள் மறுபடி கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கேட்க ஆள் இல்லை என்று நிறுத்திவிடும். மூன்று மணிநேரக் கச்சேரியில் ஆயிரம் தடவைக்கு மேல் என் மடியில் இருக்கும் கண்ணாடிப் பலகை, "இன்னும் இருக்கிறேன், சொல்லிக்கொண்டே இரு" என்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று, கம்பங்கள் ஆடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாக்கல் வராமல் போகும் நேரமும் உண்டு. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பு பெரும்பகுதி தண்ணீர். காலி மண்டபத்தில் கடைசிக் கதவுவரை எட்டிய தொடர்பு, எண்ணூறு பேர் வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன் அலையைத் தேடும்போது அப்படியே எட்டும் என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாண வரவேற்பில் எனக்கு அது நடந்தது, இது வேறொரு மிக்சர். திரையில் பாடகியின் கம்பம் அசையாமல் மைனஸ் 14இல் நின்றது. நல்ல அளவு என்று நினைத்துவிட்டேன். அசையாத கம்பத்தைப் பார்த்த உடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எந்தக் குரல் அசையாமல் நிற்கும்? சில நொடி கழித்துத்தான் மேடையில் அவர் மைக்கைத் தட்டிப் பார்ப்பது கண்ணில் பட்டது. இப்போது தனி ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து, மேடைக்குப் பக்கத்தில், தலைகளுக்கு மேலே உயரத்தில் கட்டுகிறேன். அவசரத்துக்கு ஒரு கேபிளும் இழுத்துவைக்கிறேன்.

மேடையிலிருந்து வேறு விதமான தாக்கலும் வருகிறது. அதைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். பாடகர் இடதுகை ஆள்காட்டி விரலால் மிருதங்கத்தைச் சுட்டி, பிறகு விரலை மேலே தூக்குவார். தன் பக்கத்து ஸ்பீக்கரில் அதைக் கூட்டச் சொல்கிறார். அந்த ஸ்பீக்கரை அவர்கள் 'ஃபீட்பேக்' என்பார்கள்; எங்களுக்கு அந்தச் சொல் ஊளைச் சத்தத்தைக் குறிக்கும். இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல வருடமாகக் குழப்பமில்லாமல் பேசிக்கொள்கிறோம். மிருதங்கக்காரர் கல்லால் வாரைத் தட்டிச் சுருதி சேர்த்தால் அடுத்து பெரிதாக ஏதோ வருகிறது. தவில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையைச் சற்று விலக்கினால் போதும், என் கட்டைவிரல் கெயின் பக்கத்தைத் திறந்து வைத்துவிடும். கம்பம் எழுவதற்கு முன்னால் தோள் எழுகிறது.

போன் செய்த அந்த வித்வானை இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரில் பார்த்தேன். அதே மாலை நேரம். மேடையேறி உட்கார்ந்து, வெறும் விரலைத் தவிலில் வைத்தார். நான் பத்தாவது வரிசையிலிருந்து எழுந்து, டேப்லட்டோடு மேடை ஓரத்துக்குப் போனேன்.

"அண்ணே, சிரமம் பாக்காம கூடு மாட்டிக்கிட்டு ஒரு தடவ அடிங்களேன்."

என்னை ஒரு கணம் பார்த்தார். பழையது நினைவிருந்ததா என்று தெரியாது, நானும் கேட்கவில்லை. மடியிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து கூடுகளை எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டினார். கழியை எடுத்தார். ஒரு சிறு உருட்டு. பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பம் மைனஸ் 9ஐத் தொட்டது.

"இவ்வளவுதானாண்ணே, இன்னும் இருக்கா?"

"ராத்திரிக்கு இருக்கு தம்பி" என்றார்.

கெயினை இன்னும் ஐந்து இறக்கிவைத்தேன்.